மாணவர் என்னும் விதிவிலக்கு

வெளிநாட்டில் படிக்கச் செல்லும் இந்திய மாணவர் விமானம் ஏறுவதற்கு முன்பே இரண்டு சொற்களைப் பழகிக்கொள்கிறார். ஒன்று விசா. மற்றொன்று ‘ஸ்டேட்டஸ்’ எனப்படும் தகுதிநிலை. இரண்டும் ஒன்றே என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். மாணவர்களிலும் சிலர் அவ்வாறே நினைத்துச் செல்கிறார்கள். விசா, எல்லையில் நின்று உள்ளே வர அனுமதி கேட்பதற்கான சீட்டு. தகுதிநிலை, உள்ளே வந்தபின் ஒவ்வொரு பருவமும் காத்துக்கொள்ள வேண்டிய சட்ட நிலை. விசா காலாவதியான பின்னும் தகுதிநிலை செல்லுபடியாக இருக்கலாம். கடவுச்சீட்டில் ஐந்தாண்டு விசா இருக்கும்போதே தகுதிநிலை ஒரே நாளில் அற்றுப்போகவும் கூடும்.

அமெரிக்காவில் மட்டும் 2023-24 கல்வியாண்டில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் அனைவரையும் கட்டுப்படுத்தும் இந்தத் ‘தகுதிநிலை’ அண்மைக் காலத்தில் கணினியோடு வந்த ஏற்பாடு அன்று. அதன் வேர் ஆசியர்களை வெளியே நிறுத்த எழுதப்பட்ட சட்டங்களில் இருக்கிறது. மாணவரை வரவேற்பதற்காக அது பிறக்கவில்லை. ஒரு மதிலை எழுப்பும்போது அதில் விடப்பட்ட சிறு வாயிலாகவே பிறந்தது. இன்றைய விதிகளின் கடுமையை விளங்கிக்கொள்ள அந்த மதிலின் வரலாற்றை அறிய வேண்டும்.

முதல் மதில் சீனர்களுக்கு எதிராக எழுந்தது. 1880-ஆம் ஆண்டு அமெரிக்காவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, சீனத் தொழிலாளர்களின் வருகையைத் தடுக்க அமெரிக்காவுக்கு இடம் கொடுத்தது. வணிகர், ஆசிரியர், மாணவர் ஆகியோருக்குத் தடை இல்லை என்றும் கூறியது. 1882-இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. அன்று முதல் கப்பலிலிருந்து இறங்கும் சீன இளைஞர் ஒவ்வொருவரும் தாம் தொழிலாளி அல்லர், மாணவர்தாம் என்று மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. சட்டத்தின் ஆறாம் பிரிவின்படி தம் அரசிடமிருந்து சான்றிதழ் பெற்று, அமெரிக்கத் தூதரக அதிகாரியின் ஒப்பத்துடன் அதைக் காட்ட வேண்டும்.

மாணவர் என்றால் யார்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு கல்வியாளர்களிடம் போகவில்லை. அப்போது இச்சட்டத்தைச் செயல்படுத்திய கருவூலத் துறையிடம் போயிற்று. 1900-ஆம் ஆண்டு அத்துறை வகுத்த இலக்கணம் மூன்று நிபந்தனைகளைக் கொண்டது. தம் நாட்டில் கிடைக்காத உயர்கல்வியையோ தொழிற்கல்வியையோ நாடி வந்தவராக இருக்க வேண்டும். இங்கே தங்கும் காலத்துக்கான பொருள் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பும் எண்ணம் இருக்க வேண்டும். இன்று சென்னையிலோ ஹைதராபாத்திலோ தூதரகச் சாளரத்தின் முன் நிற்கும் மாணவரிடம் கேட்கப்படும் மூன்று கேள்விகளும் இவையே: என்ன படிக்கப் போகிறீர்கள், யார் பணம் கட்டுகிறார்கள், முடித்தபின் என்ன செய்வீர்கள்? கேட்கும் தொனி மாறியிருக்கலாம். கேள்விகளின் வயது நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

அந்த இலக்கணம் நடைமுறையில் எவ்வளவு குறுகலாக இருந்தது என்பதற்குச் சுங் குடும்பத்தின் மூத்த மகள் ஐ-லிங் ஒரு சான்று. 1904-இல் ஜார்ஜியா மாநிலத்து வெஸ்லியன் கல்லூரிக்குப் படிக்க வந்த அச்சிறுமி, சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் பல நாள்கள் கரையிறங்க விடாமல் நிறுத்திவைக்கப்பட்டார். பிற்காலத்தில் சீன அரசியலில் பெரும் செல்வாக்குப் பெற்ற குடும்பம் அது. செல்வமும் கிறித்தவத் திருச்சபையின் தொடர்பும் உள்ள குடும்பத்துப் பெண்ணுக்கே இந்நிலை என்றால் மற்றவர் பாடு சொல்லத் தேவையில்லை. மாணவர்களும் வணிகர்களும் துறைமுகங்களில் அடைந்த அவமதிப்பு, 1905-இல் சீன நகரங்களில் அமெரிக்கப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கமாக வெடித்தது. அதன் பிறகே தியோடர் ரூஸ்வெல்ட் விலக்குப் பெற்ற பிரிவினரைக் கண்ணியமாக நடத்துமாறு அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். சட்டம் மட்டும் மாறவில்லை.

இரண்டாம் மதில் இந்தியர்களை நேரடியாகத் தொட்டது. 1917-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதிபர் வுட்ரோ வில்சனின் மறுப்பையும் மீறி நிறைவேறிய குடியேற்றச் சட்டம், நிலநேர்க்கோடுகளையும் அகலக்கோடுகளையும் கொண்டு ஆசியாவின் பெரும்பகுதியைத் ‘தடுக்கப்பட்ட மண்டலம்’ என்று வரையறுத்தது. இந்தியா முழுவதும் அந்த மண்டலத்துக்குள் அடங்கிற்று. இங்கும் விதிவிலக்குப் பட்டியல் ஒன்று இருந்தது: அரசு அலுவலர், சமயப் பணியாளர், வழக்கறிஞர், மருத்துவர், ஆசிரியர், மாணவர், எழுத்தாளர், கலைஞர், வணிகர், சுற்றிப்பார்க்க வருவோர்.

அந்தப் பட்டியலை அடுத்து வரும் வரிதான் இன்றைய மாணவரின் வாழ்க்கையை நிர்ணயிக்கும் வரி. விலக்குப் பெற்று உள்ளே வந்த ஒருவர், அந்த விலக்குக்கு உரிய தகுதிநிலையையோ தொழிலையோ தொடர்ந்து காக்கத் தவறினால், அவர் சட்டத்துக்கு மாறாக நாட்டில் இருப்பவராகக் கருதப்பட்டு வெளியேற்றப்படலாம் என்றது சட்டம். உள்ளே வந்த நாளில் செல்லுபடியாக இருந்த அனுமதி, பின்னாளில் அவருடைய நடத்தையால் செல்லாததாகிவிடும் என்பது இதன் பொருள். ‘தகுதிநிலையைக் காத்தல்’ என்று இன்று பல்கலைக்கழக அலுவலகங்கள் மாணவருக்கு அறிவுறுத்தும் தொடர், இந்தியரையும் அவரைப் போன்ற ஆசியரையும் விலக்கி எழுதப்பட்ட அதே வாக்கியத்தில் இடம்பெற்றிருக்கிறது. இதை ஒரு தற்செயல் என்று கடந்துவிட முடியாது. எவரை உள்ளே விட விருப்பமில்லையோ அவரை நிபந்தனையோடு விடும்போதுதான் நாள்தோறும் கண்காணிக்கும் விதி தேவைப்படுகிறது.

1923-இல் பகத்சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பளித்தது. திந்த் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். 1924-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தகுதியின்மையையே நுழைவுத் தடைக்கு அளவுகோலாக்கியது. குடியுரிமை பெற இயலாதவர் குடியேறியாக வர இயலாது. மாணவருக்கு மட்டும் நான்காம் பிரிவில் வழி விடப்பட்டது. அதன்படி மாணவர் குறைந்தது 15 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். படிப்பு ஒன்றையே நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும். தொழிலாளர் துறைச் செயலர் ஒப்புதல் அளித்த கல்வி நிறுவனத்தில் சேர வேண்டும்.

அந்த ஒப்புதலுக்கு ஒரு விலை இருந்தது. வெளிநாட்டு மாணவர் எவரேனும் வகுப்புக்கு வருவதை நிறுத்தினால் நிறுவனம் அதை அரசுக்கு அறிவிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அறிவிக்கத் தவறினால் ஒப்புதல் பறிக்கப்படும். கல்லூரியின் வருகைப் பதிவேடு குடியேற்றத் துறையின் ஆவணமாக மாறியது இந்த இடத்தில்தான். பேராசிரியரும் பதிவாளரும் அரசின் எல்லைக் காவலில் பங்காளிகள் ஆனார்கள். பின்னர் வந்த தாள் படிவங்களும் கணினித் தொகுப்புகளும் இந்த ஏற்பாட்டை விரைவுபடுத்தினவே தவிரப் புதிதாக ஒன்றைத் தோற்றுவிக்கவில்லை.

அக்காலத்து இந்திய மாணவர் எப்படி வாழ்ந்தார்? 1922-இல் கலிபோர்னியா சென்ற ஜெயப்பிரகாஷ் நாராயணன் பழத்தோட்டங்களில் வேலை செய்தார். உணவகங்களில் பாத்திரம் துலக்கினார். பெர்க்லியில் கட்டணம் உயர்ந்தபோது அயோவாவுக்கு மாறினார். பின்னர் விஸ்கான்சின், ஒஹாயோ என்று நகர்ந்தார். ஏழு ஆண்டுகளில் பல பல்கலைக்கழகங்களையும் பல கூலி வேலைகளையும் கடந்து 1929-இல் நாடு திரும்பினார். உழைத்துப் படிப்பது அன்று வீரமாகவே போற்றப்பட்டது. பொருளாதார மந்தம் வந்ததும் நிலை மாறியது. 1932-இல் தொழிலாளர் துறை வெளிநாட்டு மாணவர்கள் கூலி வேலை செய்வதைத் தடுக்க முனைந்தது. அமெரிக்கர் வேலையின்றி நிற்கும்போது மாணவர் அந்த இடத்தைப் பிடிக்கலாகாது என்பது வாதம். ஜெயப்பிரகாஷ் பத்தாண்டுகள் பிந்திச் சென்றிருந்தால் அவர் வாழ்ந்த முறையே தகுதிநிலை மீறலாகியிருக்கும்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் அந்தப் பத்தாண்டின் இறுதியில் சிராக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்று 1929-இல் திரும்பினார். இவ்விருவரும் சட்டம் எதிர்பார்த்தபடி திரும்பியவர்கள். திரும்பாதவரின் கதையைத் தலிப் சிங் சவுந்த் சொல்கிறார். 1920-இல் மாணவராகச் சென்று, 1924-இல் பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்யப் போனார். 1946-இல் லூஸ்-செல்லர் சட்டம் இந்தியருக்குக் குடியுரிமை வாயிலைத் திறக்கும்வரை காத்திருந்து, 1949-இல் குடிமகனாகி, 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திரும்பிச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையின் கண்ணால் பார்த்தால் அவர் திரும்பாமல் போன மாணவர். அமெரிக்க வரலாற்று நூல்களோ அவரை அந்த அவையில் அமர்ந்த முதல் ஆசிய அமெரிக்கர் என்று பெருமையுடன் குறிக்கின்றன.

திரும்பும் நிபந்தனை எவ்வளவு தூரம் மாணவரின் நலனுக்கானது, எவ்வளவு தூரம் அரசின் தேவைக்கானது என்பதை 1949-க்குப் பிந்தைய நிகழ்வுகள் வெளிப்படையாக்கின. சீனாவில் ஆட்சி மாறியபோது ஏறக்குறைய 5,000 சீன மாணவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். ஊரிலிருந்து பணம் வருவது நின்றது. அதுவரை குற்றமாக இருந்த வேலையை அரசே அனுமதித்தது, உதவித்தொகையும் வழங்கியது. கொரியப் போர் மூண்டதும் நிலை தலைகீழாயிற்று. அறிவியலும் பொறியியலும் பயின்றவர்கள் சீனாவுக்குத் திரும்பக் கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். ‘படிப்பு முடிந்ததும் போய்விடுவேன்’ என்று உறுதி கூறி நுழைந்தவர்களிடம் ‘போகக் கூடாது’ என்று ஆணை வந்தது. 1955-இல்தான் அத்தடை விலகியது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜெனீவாவில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, அமெரிக்காவிலிருந்து திரும்ப விரும்பும் சீனர்களுக்கு உதவும் பொறுப்பு இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இதனிடையே 1952-ஆம் ஆண்டுச் சட்டம் மாணவருக்கு ‘எஃப்’ என்ற எழுத்தை வழங்கியது. கைவிடும் எண்ணமில்லாத இருப்பிடம் ஒன்று தாயகத்தில் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. விசா கேட்பவர் மாறாக மெய்ப்பிக்கும்வரை அவரைக் குடியேற வருபவராகவே கருத வேண்டும் என்றும் சொன்னது. 1900-இல் சீன மாணவருக்கு வகுத்த இலக்கணம் இவ்வாறு உலக மாணவர் அனைவருக்கும் பொதுவாயிற்று.

பொது விதி ஒரு நாட்டினரை மட்டும் குறிவைக்கும் கருவியாக மாறக்கூடும் என்பதை 1979 காட்டியது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் மாணவர் குறிப்பிட்ட தேதிவரை என்றில்லாமல் படிப்பு நீடிக்கும்வரை தங்கலாம் என்ற தளர்வு நடைமுறைக்கு வந்திருந்தது. நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. அடுத்த சில நாள்களிலேயே அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அரசு, ஈரானிய மாணவர் அனைவரும் குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் வந்து முகவரியையும் சேர்க்கைச் சான்றையும் காட்ட வேண்டும் என்று விதி பிறப்பித்தது. அப்போது ஏறக்குறைய 50,000 ஈரானியர் அங்கே படித்துவந்தார்கள். அமெரிக்காவில் இருந்த வெளிநாட்டு மாணவர்களில் அவர்களே மிகப் பெரிய கூட்டம். டிசம்பர் 11 அன்று வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. டிசம்பர் 27 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. வெளியுறவு தொடர்பானவற்றில் நாட்டின் பெயரால் வேறுபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈரானிய மாணவர்மீது புதிய குற்றம் எதுவும் சுமத்தப்படவில்லை. பாடங்களின் எண்ணிக்கை குறைந்தது, அனுமதியின்றிக் கல்லூரி மாறியது, பகுதிநேர வேலை பார்த்தது ஆகிய, முன்னர் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத பிழைகள் திடீரென வெளியேற்றக் காரணங்களாயின. சட்டப் புத்தகத்தில் உறங்கும் நிபந்தனைகள், அரசியல் சூழல் மாறும் நாளில் விழித்துக்கொள்கின்றன.

1993-இல் நியூயார்க் உலக வணிக மையத்தில் குண்டு வைத்த வழக்கில் தண்டனை பெற்றவர்களுள் ஒருவர் மாணவராக நுழைந்து படிப்பை விட்டவர். அதன் விளைவாக 1996-ஆம் ஆண்டுச் சட்டம் மாணவர் தகவல்களை மின்னணு முறையில் திரட்ட ஆணையிட்டது. பல்கலைக்கழகங்களின் எதிர்ப்பால் பணி மெல்ல நகர்ந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்ட ஒருவர் மாணவர் விசாவில் வந்து வகுப்புக்கே செல்லாதவர் என்று தெரிந்ததும் எதிர்ப்பு அடங்கியது. தாக்குதலை நடத்தி மாண்ட இருவருக்கு மாணவர் தகுதிநிலை வழங்கப்பட்டதை உறுதிசெய்யும் தாள்கள், ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில் புளோரிடா விமானப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. அந்த வெட்கக்கேட்டுக்குப் பின் தாமதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 2003-இல் ‘செவிஸ்’ என்னும் கணினித் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

இன்று ஒரு மாணவர் முழுநேரப் பாடச்சுமைக்குக் கீழே இறங்கினாலும், ஐ-20 படிவத்தின் காலம் முடியும் முன் நீட்டிக்கத் தவறினாலும், முகவரி மாறிப் பத்து நாள்களுக்குள் தெரிவிக்காவிட்டாலும், வளாகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பருவக் காலத்தில் வேலை செய்தாலும் அவருடைய தகுதிநிலை கேள்விக்குள்ளாகிறது. பெரும்பாலான மாற்றங்களைப் பல்கலைக்கழகம் 21 நாள்களுக்குள் தொகுப்பில் பதிய வேண்டும். 1924-இல் மாணவர் வகுப்பை விட்டுப் போனார் என்று கல்லூரி ஒரு கடிதம் எழுதியது. இன்று அவர் ஒரு பாடத்தைக் கைவிட்டதும் அரசின் திரையில் தெரிந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டின் கூர்முனை இந்திய மாணவர்மீது பட்ட நிகழ்வுகள் இரண்டு. 2011 ஜனவரியில் கலிபோர்னியாவின் பிளசண்டன் நகரில் இயங்கிய ட்ரை-வேலி பல்கலைக்கழகம் சோதனைக்கு உள்ளாகி மூடப்பட்டது. ஏறக்குறைய 1,500 மாணவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அவர்களிலும் ஆந்திரப் பகுதியினர் மிகுதி. சிலர் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டு அனுப்பப்பட்டார்கள். இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. அந்நிறுவனத்தின் தலைவர் பின்னர் மோசடிக் குற்றத்துக்காகப் பதினாறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்.

இரண்டாவது நிகழ்வு இன்னும் ஆழ்ந்த கேள்வியை எழுப்புவது. 2019 ஜனவரி இறுதியில் மிச்சிகனில் ‘ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்’ என்பது குடியேற்றச் சட்ட அமலாக்கத் துறையே நடத்திய போலி நிறுவனம் என்று வெளிப்பட்டது. அங்கு ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. ஆனால் இணையதளம் இருந்தது. அரசின் ஒப்புதல் பட்டியலில் பெயர் இருந்தது. தரச்சான்று அமைப்பின் பட்டியலிலும் பெயர் இருந்தது. ஏறக்குறைய 600 பேர் பணம் கட்டிச் சேர்ந்திருந்தார்கள். முதலில் கைதானோரில் ஒருவர் தவிர அனைவரும், 129 பேர், இந்தியர்.

வகுப்பே நடக்காத இடத்தில் சேர்ந்தவர்கள் அறியாமலா சேர்ந்தார்கள் என்று அன்று இந்தியாவிலேயே கேட்கப்பட்டது. வேலை செய்யும் அனுமதிக்காகத் தெரிந்தே சேர்ந்தவர்கள் இருந்திருக்கலாம். முந்தைய கல்லூரி தரச்சான்றை இழந்ததால், தகுதிநிலையைக் காக்க அவசரமாக வேறிடம் தேடியவர்களும் இருந்தார்கள். எது உண்மையான கல்லூரி என்று அறிய ஒரு மாணவருக்கு அரசின் ஒப்புதல் பட்டியலைவிட நம்பத்தகுந்த வழி வேறு எது? அந்தப் பட்டியலையே தூண்டிலாக்கிய பிறகு, சரிபார்க்கவில்லை என்று மாணவரைக் குறைகூறுவது அறமாகாது. 2024-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், பணம் வாங்கிக்கொண்டு கல்வி தராத அரசின்மீது மாணவர் ஒப்பந்த மீறல் வழக்கைத் தொடர முடியும் என்று கூறியது, காலம் தாழ்ந்து கிடைத்த சிறு நியாயம்.

அண்மை நிகழ்வுகள் இதே தடத்தில் செல்கின்றன. 2020 ஜூலை 6 அன்று, பெருந்தொற்றின் நடுவே, முழுவதும் இணையவழியில் பாடம் நடக்கும் கல்லூரிகளின் வெளிநாட்டு மாணவர் நாட்டில் தங்கக் கூடாது என்று அறிவிக்கப்பட்டது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நீதிமன்றம் சென்றன. எட்டே நாள்களில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2025 வசந்த காலத்தில் பல ஆயிரம் மாணவரின் செவிஸ் பதிவுகள் முன்னறிவிப்பின்றி முடித்துவைக்கப்பட்டன. காவல்துறைப் பதிவுகளோடு பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்ததே பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம். போக்குவரத்து விதிமீறல்களும் தள்ளுபடியான வழக்குகளும் அவற்றில் அடக்கம். நீதிமன்றங்கள் அடுத்தடுத்து இடைக்காலத் தடை விதிக்கவே, ஏப்ரல் இறுதியில் அரசு பதிவுகளை மீட்பதாக அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், படிப்பு நீடிக்கும்வரை தங்கலாம் என்ற முறையை நீக்கி, நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாத கால வரம்பை விதிக்கும் முன்மொழிவு வெளியானது. முனைவர் பட்ட ஆய்வு நான்கு ஆண்டுகளில் முடிவது அரிது என்பதை ஆய்வுலகம் அறியும்.

இவ்வரலாற்றிலிருந்து தெளிவாவன சில. மாணவர் தகுதிநிலை ஓர் உரிமையாக எக்காலத்திலும் வழங்கப்படவில்லை. விலக்கப்பட்ட மக்களுக்குள் ஒரு சிலருக்குத் தரப்பட்ட விதிவிலக்காகவே தொடங்கி அவ்வாறே தொடர்கிறது. காக்கும் பொறுப்பு முழுவதும் மாணவரிடம் இருக்கிறது; விளக்கும் அதிகாரமும் மாற்றும் அதிகாரமும் அரசிடம் இருக்கின்றன. ஒழுங்காக இருந்தவருக்கு அச்சமில்லை என்ற ஆறுதல், 1979-இலும் 2025-இலும் முழுமையாகப் பலிக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் மாணவருக்குத் துணைநின்றவை இரண்டு உண்டு. ஒன்று, மாணவர் தம்மிடம் ஒழுங்காக வைத்திருந்த ஆவணங்கள். மற்றொன்று, அவருக்காக வழக்காடவும் அறிக்கைவிடவும் துணிந்த பல்கலைக்கழகங்களும் சமூகங்களும் அரசுகளும். 1905-இல் சீன நகரத்து வணிகர்கள் அமெரிக்கப் பொருள்களைப் புறக்கணித்து அந்தத் துணிவைக் காட்டினார்கள்.

இந்தியக் குடும்பங்கள் நிலத்தை அடமானம் வைத்தும் கல்விக்கடன் பெற்றும் பிள்ளைகளை அனுப்புகின்றன. அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் முகவர்களிடமிருந்தே வருகிறது. அவர்களின் அக்கறை விசா முத்திரையோடு முடிந்துவிடுகிறது. தகுதிநிலையின் வேலையோ அதற்குப் பிறகே தொடங்குகிறது. எந்தக் கல்லூரி, யாருடைய ஒப்புதல், எத்தனை பாடம், எந்த வேலை, எந்தத் தாள் எப்போது காலாவதியாகும் என்பவற்றைப் பாடநூலுக்கு நிகராகப் படித்துவிட்டுச் செல்லும் மாணவர், தம்மைப் பற்றி நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டே செல்கிறார். அதை எழுதியவர்கள் அவர் வருவதை விரும்பவில்லை என்பதையும் அவர் அறிந்திருப்பது நல்லது.